கீழே வைத்த புரோஷர்

வேட் ஹஸ்கின்ஸின் கூடாரத்தை நான் தேட வேண்டியதில்லை. காதே காட்டிக்கொடுத்துவிடும். பள்ளிக்கூடங்களில் அட்டை வெட்டுவதற்கு வைத்திருப்பார்களே, ஓரத்தில் நீளக் கத்தி பொருத்திய பலகை, அதில் ஒன்றை அவன் மேஜைமேல் வைத்திருப்பான். கத்தி இறங்கும்போது சரக் என்று ஒரு சத்தம். கொஞ்சம் இடைவெளி. மறுபடியும் சரக். ஹெர்ஷி ஊரின் அக்டோபர் பழைய கார் சந்தையில் ஹாரன்களை அடித்துப் பார்ப்பவர்கள் உண்டு, துருப்பிடித்த என்ஜினை அங்கேயே உறுமவிட்டுக் காட்டுபவர்கள் உண்டு. அத்தனை இரைச்சலுக்கும் நடுவே அந்தச் சரக் மட்டும் நேராக வந்து என் பல்லில் இறங்கும்.

அவன் வெட்டுவது பழைய கார் புரோஷர்களை. அந்தக் காலத்தில் புதுக் கார் பார்க்க டீலரிடம் போனால், திரும்பும்போது கையில் ஒரு வண்ணப் புத்தகம் கொடுத்தனுப்புவார்கள். சும்மா கொடுத்தது. அதனால்தான் இன்றைக்கு அரிது. விலை கொடுத்து வாங்கியதை மனிதர்கள் பத்திரமாக வைத்துக்கொள்வார்கள், இனாமாக வந்ததை வைத்து அடுப்பு பற்றவைப்பார்கள். தப்பிப் பிழைத்த கொஞ்சத்தைத்தான் நாங்கள் சேர்க்கிறோம். வேட் அதை வாங்கி, பின்னைப் பிடுங்கி, வண்ணப் படமுள்ள பக்கங்களை மட்டும் நறுக்கி, கறுப்புச் சட்டம் போட்டு விற்கிறான். முடிவெட்டும் கடைக்கு, பாருக்கு, கராஜ் சுவருக்கு. மீதிப் பக்கங்கள் அவன் காலடியில் இருக்கும் நீலத் தொட்டிக்குப் போகும்.

அது ஏன் என்னை இப்படி எரிக்கிறது என்றால், புரோஷர் வேலை செய்கிற விதம் அப்படி. படம் வரைகிறவர் காரை உள்ளதைவிட ஒரு முழம் நீட்டி வரைவார். கூரையைக் கொஞ்சம் தாழ்த்துவார். பக்கத்தில் நிற்கும் கணவன் மனைவியை முக்கால்வாசி ஆளாகச் சிறுக்க வைப்பார். பார்க்கிறவனுக்குக் கப்பல் மாதிரி தெரியும். ஆனால் கடைசிப் பக்கத்தில் வெறும் எழுத்தில், கார் எத்தனை அங்குலம், எத்தனை எடை, வாகன அச்சுகளுக்கு நடுவே எவ்வளவு தூரம் என்று ஒரு அட்டவணை இருக்கும். அங்கே பொய் கிடையாது. படம் ஆசை காட்டும், அட்டவணை கணக்குச் சொல்லும், இரண்டும் ஒரே பின்னில் கட்டுண்டு கிடக்கும். நான் டொலீடோவில் தையல் மெஷின் பழுது பார்க்கும் கடை வைத்திருக்கிறேன். ஊசி மட்டும் போதும், கீழே இருக்கும் பாபின் எதற்கு என்று ஒருவன் கழற்றி எறிந்தால் எனக்கு எப்படி இருக்குமோ அப்படித்தான் இதுவும். வேட் விற்பது பொய்ப் பாதி. உண்மைப் பாதி தொட்டியில்.

எங்கள் சந்தையில் எழுதாத சட்டம் ஒன்று உண்டு. ஒரு பொருள் உங்கள் கையில் இருக்கும்வரை பேரம் உங்களுடையது. பக்கத்தில் நிற்பவன் கோடீஸ்வரனாக இருந்தாலும் வாய் திறக்கக் கூடாது. கடைக்காரனும் வேறு யாருக்கும் விற்கக் கூடாது. ஆனால் கீழே வைத்துவிட்டால் போயிற்று. அடுத்த கை எடுத்துக்கொள்ளலாம். இந்தச் சட்டம் இல்லையென்றால் இத்தனை பைத்தியங்கள் ஒரே மைதானத்தில் ரத்தம் சிந்தாமல் இருக்க முடியாது.

அன்று காலை அந்தச் சட்டம் என் பக்கம் இருந்தது. ஆர்வில் என்ற பெரியவர் எனக்குத் தெரிந்த நாளாக ஒரே இடத்தில் கடை போடுகிறவர். ஹெட்லைட் கண்ணாடிகளும் வைப்பர் கைகளும் விற்பார், சில சமயம் ஒரு பெட்டி காகிதமும் வைத்திருப்பார். அவர் பெட்டியிலிருந்து உலகப் போருக்கு முந்தைய பேக்கார்டு கார் புரோஷர் ஆல்பம் ஒன்றை வேட் எடுத்துப் புரட்டிக்கொண்டிருந்தான். துணி ஒட்டிய முதுகு, ஒவ்வொரு வண்ணப் படத்துக்கும் மேலே வெங்காயத்தோல் மாதிரி ஒரு மெல்லிய தாள். அப்போது அவன் போன் அடித்தது. ஆல்பத்தைப் பெட்டிமேல் வைத்துவிட்டுச் சட்டைப்பையில் கைவிட்டான். நான் எடுத்துக்கொண்டேன்.

"நடீன், அது என்னோடது. போன்தான் எடுத்தேன்."

"கீழ வச்ச, வேட்."

அவன் ஆர்விலைப் பார்த்தான். ஆர்வில் தாடையைச் சொறிந்துகொண்டு, "வச்சா போச்சுப்பா," என்றார். நான் காசைக் கொடுத்து ஆல்பத்தை என் கணவன் மைலோவின் முதுகுப்பையில் போட்டேன். கத்தியிடமிருந்து ஒன்றைக் காப்பாற்றிவிட்டேன் என்று எனக்குப் பெரிய குஷி. வேட் போனைக்கூட எடுக்கவில்லை. அது அடித்துக்கொண்டே இருந்தது.

மத்தியானம் மழை பிடித்துக்கொண்டது. ஹெர்ஷியில் மழை வராத அக்டோபர் சந்தையை நான் பார்த்ததில்லை. சாக்லேட் ஃபாக்டரி வாசனையும் ஈரமும் கலந்து, நனைந்த பிஸ்கட் டப்பாவுக்குள் நடப்பது போல இருக்கும். ஆர்விலின் கடைக்கு எதிர் வரிசையில் வெர்னா என்ற வயதான அம்மாள் துணிப் பந்தலுக்கு அடியில் ஒரு மடிப்பு மேஜை போட்டிருந்தார். லான்காஸ்டர் பக்கத்துக்காரர். வீட்டுக்காரர் கார் விற்கும் ஏஜெண்டாக இருந்தவர், இறந்துவிட்டார், சாமான்களை ஒழிக்கிறேன் என்றார். ஜாம் பாட்டில்களுக்கும் பழைய சாவிக் கொத்துகளுக்கும் நடுவே சாப்பாட்டுத் தட்டு அளவில் ஒரு மடித்த தாள் இருந்தது. மேலே ஒரு கராஜின் இரட்டைக் கதவு படம், மூடியபடி. கதவுக்கு மேலே சின்ன எழுத்தில் டாலிவர்.

பக்கத்து ஜாம் பாட்டிலை ஓரமாக நகர்த்தினேன்.

டாலிவர் கார் எங்கள் ஊரில் செய்தது. கொஞ்ச காலம்தான் செய்தார்கள், பிறகு கம்பெனி மூழ்கிவிட்டது. அதன் கட்டடத்தில் இப்போது ஜனங்கள் பழைய சோபாவையும் கிறிஸ்துமஸ் மரத்தையும் வாடகை கொடுத்துப் போட்டு வைக்கிறார்கள். டாலிவர் ஏஜெண்டுகள் வீடு வீடாகப் போய் விற்றார்கள். அதற்காகவே ஒரு மடிப்புத் தாள் அச்சடித்தார்கள் என்று கேள்வி. சாப்பாட்டு மேஜையில் வைத்து ஒவ்வொரு மடிப்பாகத் திறந்தால் கார் தன்னைத்தானே கழற்றிக் காட்டுமாம். எங்கள் சேகரிப்பாளர் கிளப் பத்திரிகையில் மூடிய நிலையில் அதன் மங்கலான படம் ஒன்று வந்திருந்தது. அவ்வளவுதான். அதை வைத்திருக்கிற ஆள் யாரையும் எனக்குத் தெரியாது. எந்த மடிப்பு முதலில், எது அடுத்து, உள்ளே என்ன, ஒருவருக்கும் தெரியாது. தூக்கம் வராத இரவுகளில் வெள்ளைத்தாளை மடித்து மடித்து நானே ஊகித்துப் பார்த்திருக்கிறேன்.

கையில் எடுத்துக்கொண்டு விலை கேட்டேன். வெர்னா நேர்மையான பெண்மணி. அதுதான் வினையாகப் போயிற்று.

"முதல்ல தொறந்து பாத்துரு கண்ணு. உள்ள கிழிஞ்சிருந்தா அப்பறம் என்னத் திட்டக் கூடாது."

இங்கே ஒரு விஷயம் சொல்ல வேண்டும். இந்தத் தாள்களின் பளபளப்புக்குக் காரணம் வெள்ளைக் களிமண். பீங்கான் செய்கிற அதே களிமண்ணை மாவாக்கிக் காகிதத்தின்மேல் பூசியிருப்பார்கள். அப்போதுதான் மை உள்ளே இறங்காமல் மேலே நின்று மின்னும். ஆனால் காலம் போகப் போக அந்தப் பூச்சு மடிப்பில் காய்ந்து உடையும். அதனால் அந்தரத்தில் பிரிக்கக் கூடாது. சமமான இடத்தில் வைத்து, மடிப்புக்கு அடியில் உள்ளங்கை கொடுத்து, ரொட்டி மாவைப் புரட்டுவது போலப் புரட்ட வேண்டும். இன்னொன்று, தண்ணீர் படவே கூடாது. ஒரு சொட்டு பட்டால் களிமண் பசையாகி இரண்டு முகமும் ஒட்டிக்கொள்ளும். அதைப் பிரிக்கப் பிறகு ஆண்டவனாலும் ஆகாது.

என் கை நனைந்திருந்தது. தொப்பி விளிம்பிலிருந்து நீர் சொட்டிக்கொண்டிருந்தது. எதிரே வெர்னாவின் மேஜைவிரிப்பு நன்றாகக் காய்ந்து கிடந்தது. நான் டாலிவரை அதன்மேல் வைத்துவிட்டு, தொப்பியைக் கழற்றி, கையை ஸ்வெட்டரில் துடைத்தேன்.

துடைத்து முடிப்பதற்குள் அது வேறொரு கையில் இருந்தது.

"கீழ வச்ச, நடீன்," என்றான் வேட். காலையில் நான் சொன்ன அதே குரலில், அதே நிதானத்தில். காலையிலிருந்தே என் பின்னால் சுற்றியிருக்கிறான்.

நான் ஆர்விலைப் பார்த்தேன். கண்ணாடி துடைப்பதை நிறுத்திவிட்டு அவர் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். என் முகத்தைப் பார்க்காமல் தாடையைச் சொறிந்தார்.

"வச்சா போச்சும்மா."

வெர்னாவுக்கு ஒன்றும் புரியவில்லை. இந்தப் பெண்தானே முதலில் எடுத்தாள் என்று இரண்டு மூன்று முறை சொன்னார். வேட் அவர் கேட்டதற்கு மேலேயே கொடுத்தான், திறந்துகூடப் பார்க்கவில்லை. அவனுக்கு எதற்குத் திறக்க வேண்டும்? மழைக்கோட்டுக்குள் செருகிக்கொண்டு போய்விட்டான். காகிதத்தை மதித்ததால் நான் இழந்தேன், மதிக்காததால் அவனுக்குக் கிடைத்தது. அதை நினைக்க நினைக்க என் காது மடல் கொதித்தது.

மைலோ சாசேஜ் சாண்ட்விச் இரண்டு வாங்கிக்கொண்டு வந்தான். அவன் ஹட்சன் காருக்குக் கார்புரேட்டர் தேடி வருகிறவன், காகிதக்காரன் இல்லை. நடந்ததைக் கேட்டுவிட்டு, முதலில் சாப்பிடு என்றான். வேண்டாம் என்றேன். ஒரு காகிதத்துக்காகவா என்று கேட்டுவிட்டான். நான் அவன் பக்கம் திரும்பினேன்.

"உன் கார்புரேட்டர ஒருத்தன் ரெண்டாப் பொளந்து, பளபளன்னு இருக்கிற பாதிய மட்டும் சுவத்துல மாட்டினா என்ன செய்வ?"

மைலோ மென்றுகொண்டே யோசித்தான். "கொன்னுருவேன்," என்றான். பிறகு, "சரி வா, போலாம். ஆனா கோபத்தோட சாப்பிடாத, விக்கும்," என்று என் சாண்ட்விச்சைத் திரும்பச் சுற்றிப் பையில் வைத்தான்.

வேட்டின் கூடாரத்தில் நல்ல கூட்டம், மழைக்கு ஒதுங்கியவர்கள் பாதி. மூன்று பக்கமும் சட்டம் போட்ட படங்கள் தொங்கின. நீண்ட நீண்ட கார்கள், சின்னச் சின்ன மனிதர்கள். மேஜை நிறையக் கண்ணாடியும் அட்டையும். நடுவில் வெட்டுப் பலகை. அதன்மேல் டாலிவரை மூடியபடியே வைத்து அளவுகோலால் அளந்துகொண்டிருந்தான். நாலு சட்டம் வரும், பெரிசா இருந்தா ஆறு வரும் என்று யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தான்.

அதை விலைக்குக் கேட்க நான் போகவில்லை. எனக்குக் கொடுக்க மாட்டான் என்று தெரியும். கத்தி இறங்கும் முன் ஒரே ஒரு தடவை முழுசாகப் பார்த்துவிட வேண்டும், அவ்வளவுதான். அதையும் என்னால் கெஞ்சிக் கேட்க முடியவில்லை. 

"அப்படியே பிச்சியானா மடிப்புல பூச்சு உடையும். அப்பறம் உன் நாலு சட்டத்துலயும் வெள்ளக்கோடு விழும். குடு, நான் தொறக்குறேன்."

அவன் சிரித்தான். கூட்டத்தைப் பார்த்தான். வியாபாரி மூளை, கூட்டம் நின்றால் நல்லதுதான் என்று கணக்குப் போட்டிருக்கும்.

"கேட்டீங்களா? டீச்சரம்மா தொறந்து காட்டப் போறாங்க. எல்லாரும் கைகட்டி நில்லுங்க."

நான் துண்டு கேட்டு வாங்கிக் கையை நன்றாகத் துடைத்தேன். மேஜையில் சாமான் இல்லாத இடம் வெட்டுப் பலகை மட்டும்தான். அதன்மேல் வைத்துத் திறக்க எனக்கு மனம் வரவில்லை. ஆகவே டாலிவரை எடுத்து இடது முழங்கையில் குழந்தையைப் போலப் படுக்கவைத்துக்கொண்டேன். பக்கத்தில் மஞ்சள் மழைக்கோட்டு போட்ட ஓர் உயரமான பெண் நின்றாள், தன் பாருக்குப் படம் வாங்க வந்தவள். கை காய்ந்திருக்கிறதா என்று கேட்டேன். உள்ளங்கையைத் திருப்பிக் காட்டினாள். எதிரே நின்று என் கையைப் போலவே அவள் கையையும் நீட்டிக்கொள்ளச் சொன்னேன். இரண்டு பேருடைய கைகளே மேஜை.

கராஜ் கதவு இரண்டும் இடமும் வலமுமாகத் திறந்தன. உள்ளே கார், முன்முகம் மட்டும், விளக்கு எரிகிறது. இதுவரை நான் ஊகித்திருந்தேன். அடுத்து மேலே தூக்கும் என்று இத்தனை காலமும் நினைத்திருந்தேன். இல்லை. முன்முகத்தின் நடுவே ஒரு சின்னக் கீறல், அதில் செருகியிருந்த காகித நாக்கை விடுவித்தால் படம் கீழே இறங்குகிறது. என்ஜின் மூடி திறந்துகொள்கிறது. உள்ளே என்ஜின், சாம்பலும் பச்சையும். நாக்கு இருப்பதால்தான் ஏஜெண்ட் பேசி முடிக்கும்வரை அது தானாகத் திறக்காது. எவ்வளவு கெட்டிக்காரத்தனம். வாங்குகிறவர் "என்ஜின் எப்படி?" என்று கேட்ட பிறகுதான் நாக்கை எடுத்திருப்பார்கள்.

நான் கூட்டத்திடம் எல்லாவற்றையும் சொல்லிக்கொண்டே போனேன். சொல்லாமல் இருக்க என்னால் முடியாது, கோபத்திலும் முடியாது. அடுத்த மடிப்பு மேலே போயிற்று. கூரை இல்லாமல் உள் இருக்கைகள், ஓட்டுகிறவர் காலுக்கு எவ்வளவு இடம் என்று அங்குலக் கணக்கோடு. கடைசி மடிப்பை நாங்கள் இருவரும் சேர்ந்து வெளிப்பக்கமாகப் புரட்டினோம். தொட்டில் விரிப்பு அளவுக்குத் தாள் விரிந்தது. அதில் காரின் அடிவயிறு. அடிச்சட்டம், ஸ்பிரிங், பிரேக் கம்பி, ஒவ்வொன்றுக்கும் எண், ஒவ்வொரு எண்ணுக்கும் ஓரத்தில் ஒரு வரி. இந்தத் தாளில் அட்டவணை தனியாக இல்லை. படமே அட்டவணை. நீட்டல் இல்லை, சிறுத்த மனிதர்கள் இல்லை. எல்லாம் அளவுப்படி. கதவு ஆசை காட்டுகிறது, ஒவ்வொரு மடிப்பிலும் ஆசை கொஞ்சம் குறைந்து உண்மை கொஞ்சம் கூடி, கடைசியில் முழு உண்மை. தன் காரில் ஒளிக்க ஒன்றுமில்லை என்று நம்பிய எவனோ யோசித்துச் செய்திருக்கிறான். கம்பெனி மூழ்கியதில் ஆச்சரியமில்லை.

"இத வெட்டினா என்ன ஆகும்னு பாருங்க," என்றேன். "என்ஜின் படத்துக்குப் பின்னாடிதான் காரோட முன்முகம். இருக்கைக்குப் பின்னாடிதான் அடிப்பாகம். ஒண்ண சட்டத்துல போட்டா அதோட முதுகுல இருக்கிறது செவுத்தப் பாத்துக்கிட்டு நிக்கும். பாதி கார இவன் உங்களுக்கு விப்பான். மிச்சப் பாதிய ஆணி அடிச்சு மூடிருவான்."

முன்னால் நின்ற ஒருவர் கையிலிருந்த சட்டத்தைத் திருப்பி அதன் முதுகைப் பார்த்தார்.  வேட்டுக்கு அது பிடிக்கவில்லை.

"போதும் நடீன். நல்லா இருந்துச்சு. மேஜைல வை."

வை.

அந்தச் சொல் காதில் விழுந்த பிறகுதான் எனக்கு உறைத்தது. என் இரண்டு கையிலும் டாலிவர் இருக்கிறது.

"வைக்க மாட்டேன்," என்றேன்.

"என்ன?"

"கையில இருக்கு, வேட். பேரம் என்னோடது. வில சொல்லு."

அவன் முகம் சிவந்தது. இது தன் கூடாரம், தன் பொருள், வேடிக்கை காட்டக் கொடுத்தது என்று அடுக்கினான். கூட்டத்தில் நாலைந்து பேர் கடைக்காரர்கள், அவர்களுக்குள் முணுமுணுப்பு ஓடியது. யாரோ போய் ஆர்விலை அழைத்து வந்துவிட்டார்கள். தலையில் பிளாஸ்டிக் பையைக் கவிழ்த்துக்கொண்டு வந்து நின்றார். என் கையைப் பார்த்தார், மஞ்சள் கோட்டுப் பெண்ணின் கையைப் பார்த்தார், தாடையைச் சொறிந்தார்.

"நீயாத்தான குடுத்த?"

"தொறந்து காட்டத்தான் குடுத்தேன், ஆர்வில். இது என் கூடாரம்."

"கூடாரம் சந்தைக்குள்ள தானப்பா இருக்கு. கையில இருக்குன்னா அவ பேரம்தான்."

எனக்காக அவர் பேசியதில் எனக்கு நன்றி வந்திருக்க வேண்டும். வரவில்லை. ஒரு மணி நேரத்துக்கு முன் இதே முகத்தோடு இதே தாடையைச் சொறிந்துதான் என் டாலிவரை அவனுக்கு எழுதிக்கொடுத்தார். அவருக்குச் சட்டம் நின்றால் போதும், அதற்குள் என்ன மாட்டிக்கொண்டாலும் கவலையில்லை.

 வேட்டின் பார்வை மைலோவின் முதுகுப்பைக்குப் போயிற்று. முகம் தெளிந்தது.

"சரி. வில நான்தான சொல்லணும்? காசு வேண்டாம். காலைல தூக்கினியே, அந்த பேக்கார்டு ஆல்பம். அதக் குடு, இத எடுத்துட்டுப் போ."

"அத வெட்டுவியா?"

"என் கைக்கு வந்தா என்னோடது. வெட்டுவேன். இப்பவே வெட்டுவேன்."

அவன் பொய் சொல்லியிருக்கலாம், சட்டத்தில் போட மாட்டேன், பத்திரமாக வைத்துக்கொள்வேன் என்று. சொல்லவில்லை. எனக்கு வலிக்க வேண்டும் என்பதுதான் அவன் கேட்ட விலை.

கை வலித்தது. தாள் கனமில்லை, ஆனால் அசையாமல் பிடிப்பது கனம். மஞ்சள் கோட்டுப் பெண் என்னிடம் மெதுவாக, "நான் பிடிச்சிருக்கேன், யோசிங்க," என்றாள். யோசித்தேன். அந்த பேக்கார்டு ஆல்பம் அழகானது, ஆனால் அதன் வேறு பிரதிகள் இருக்கும் வீடுகளில் நானே விருந்து சாப்பிட்டிருக்கிறேன். கண்ணாடி அலமாரியில் பூட்டி வைத்திருக்கிறார்கள். டாலிவர் இது ஒன்றுதான். வேறொன்று இருந்தால் எங்கோ ஒரு பரணில் எலிக்குத்தான் தெரியும். கணக்கு சுலபம். எந்தக் குழந்தையும் போட்டுவிடும். அந்தக் கணக்கு சரியாக வந்ததுதான் எனக்கு எல்லாவற்றையும்விட ஆத்திரம். தப்பாக வந்திருந்தால் நான் முடியாது என்று சொல்லியிருக்கலாம்.

"மைலோ, எடுத்துக் குடு."

"நிச்சயமா?"

"குடுன்னேன்ல."

மைலோ ஆல்பத்தை எடுத்தான். வேட் வாங்கிக்கொண்டு போய்ப் பலகைக்கு முன்னால் உட்கார்ந்தான். எனக்கு முதுகைக் காட்டவில்லை. நேராக என்னைப் பார்க்கும்படிதான் உட்கார்ந்தான்.

நாங்கள் மடிக்கத் தொடங்கினோம். திறந்ததற்கு நேர் எதிர் வரிசை. அடிப்பாகம் முதலில், பிறகு கூரை. அந்தப் பெண்ணுக்கு ஒரு தடவை பார்த்ததே போதுமாக இருந்தது. நான் சொல்லுமுன் உள்ளங்கையை மடிப்புக்கு அடியில் கொண்டுபோய்விட்டாள். அந்தப் பக்கம் வேட் ஆல்பத்தின் முதுகுத் துணியைக் கிழிக்கும் சத்தம் கேட்டது. வெங்காயத்தோல் தாள்களைக் கசக்கித் தொட்டியில் போட்டான். பிறகு சரக். நான் என்ஜின் மூடியை மேலே ஏற்றினேன். காகித நாக்கு கீறலுக்குள் போக மறுத்தது. அந்தப் பெண் செருகினாள். சரக். கராஜ் கதவுகளை மூடினேன்.

அவள் அவனிடம் படம் ஒன்றும் வாங்காமல் குடையை எடுத்துக்கொண்டு போனாள். கூட்டத்தில் மற்றவர்கள் அப்படியெல்லாம் இல்லை. ஒருவர் பேக்கார்டின் முதல் பக்கத்துக்கு அங்கேயே விலை கேட்டுக்கொண்டிருந்தார்.

நான் டாலிவரை ஸ்வெட்டருக்குள் நெஞ்சோடு வைத்துக்கொண்டு நீலத் தொட்டிக்குப் பக்கத்தில் போய்க் குனிந்தேன். பேக்கார்டின் அட்டவணைப் பக்கம் மேலாகவே கிடந்தது. எடுத்தேன். அடியில் வண்ணப் பட்டியல், டயர் அளவுகள், டீலரின் ரப்பர் முத்திரை குத்திய பின்னட்டை. ஒவ்வொன்றாக எடுத்தேன்.

"என்ன நடீன், குப்பையையும் தூக்கிட்டுப் போறியா? கேட்டுட்டு எடுக்கணும்."

"குப்பைத்தொட்டியில இருக்கிறது கீழ வச்சதுதான், வேட்."

ஆர்வில் இருமினார். அது சிரிப்பா என்று தெரியவில்லை. வேட் கத்தியைத் தூக்கியபடியே நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தான். தொட்டியை இழுத்துக்கொள்ளக் காலை நீட்டினான், ஆர்வில் நிற்பதைப் பார்த்துக் காலை மடக்கிக்கொண்டான். நான் தொட்டி காலியாகும்வரை குனிந்தே இருந்தேன். கசக்கிய வெங்காயத்தோல் தாள்களையும் விடவில்லை. அவற்றை ஈரத்துணியின் ஆவி காட்டி நீவினால் நிமிர்ந்துவிடும். படங்கள் போயின. ஆனால் அந்தக் கார் உண்மையில் எவ்வளவு நீளம் என்பது இப்போது என்னிடம் இருக்கிறது.

வெளியே வந்தோம். மைலோ குடை பிடித்தான். கார் நிறுத்திய புல்வெளி தூரத்தில், பாதை முழுக்கச் சேறு. கொஞ்ச தூரம் வந்ததும் அவன் சாண்ட்விச்சைப் பிரித்து என் வாயருகே நீட்டினான். என் ஒரு கை ஸ்வெட்டருக்குள் டாலிவரை அணைத்திருந்தது, இன்னொரு கையில் பேக்கார்டின் மிச்சம். அவன் கையிலிருந்தே கடித்தேன். ஆறிப்போயிருந்தது.

"கொஞ்ச நேரம் குடு, நான் வச்சிருக்கேன்," என்றான்.

தலையை ஆட்டி மறுத்தேன். பின்னால் சரக் என்று கேட்டது. மென்றதை விழுங்க முடியாமல் எனக்கு விக்கியது. மைலோ என் முதுகைத் தட்டிக்கொண்டே நடந்தான். கார் வரும்வரை நான் எதையும் கீழே வைக்கவில்லை.